ஏழையின் ஒற்றை ஆட்டுக்குட்டி

அத்தியாயம் 17

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி. யாக்கோபு கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொண்டிருந்தான். வாருவதற்கு அந்தத் தலையில் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை. ஆனாலும் கால் மணி நேரமாக நடந்துகொண்டிருந்தது.

அடுப்படியிலிருந்து இன்பமேரி அதைப் பார்த்தாள். ஊருக்கு முன்னால் புருஷனை 'அவங்க' என்றுதான் சொல்வாள். மனசுக்குள் 'அவங்க' போய் 'அவன்' ஆகிப் பதினெட்டு வருடம் ஆகிறது.

"ஏ இன்பம், பிரசங்கத்தை எங்க வச்சிருக்க?"

"வேதப் புஸ்தகத்துக்குள்ள."

"எத்தனை பக்கம்?"

"அஞ்சு."

"எதைப் பத்தி?"

"தாவீது ராஜா. நாத்தான் தீர்க்கதரிசி."

"தாவீதுன்னா நல்லா எடுபடும்" என்றான் அவன், சீப்பை ஊதிவிட்டு.

அவ்வளவுதான். தாளைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. என்றைக்கும் பார்த்ததில்லை. முன்கூட்டியே படித்துவிட்டால் ஆவியானவர் நடத்துவதற்கு இடமில்லாமல் போய்விடும் என்று அவனாக ஒரு சட்டம் வைத்திருந்தான். சோம்பலுக்கு இவ்வளவு பக்தியான பெயர் வைக்க அவனால்தான் முடியும்.

சாந்தன்பாறை சபைக்குப் பாதிரியாரான ஐயர் மாதத்தில் ஒரு ஞாயிறுதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் சபைச் செயலாளர் யாக்கோபுதான் பிரசங்கம். ஏலக்காய்த் தோட்டத்தில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவன். தோட்டத்தில் நாலு பேரை அதட்டிய குரல், கோவிலுக்குள் வந்ததும் தேன் தடவிக்கொள்ளும். நல்ல குரல்தான். அதை இன்பமேரியே ஒப்புக்கொள்வாள். வார்த்தைதான் அவனுடையது இல்லை.

இருபத்தொரு வருடமாக ஒவ்வொரு பிரசங்கத்தையும் எழுதியது இன்பமேரி. பத்தாம் வகுப்பு வரை படித்தவள். ஏலக்காய் ஸ்டோரில் தரம் பிரிக்கிற வேலை. விரல் பருங்காயையும் பொடிக்காயையும் தனித்தனியாகத் தள்ளிக்கொண்டிருக்கும்போது, மனசு ஆபிரகாமையும் லோத்தையும் பிரித்துக்கொண்டிருக்கும். சனிக்கிழமை மத்தியானம் பழைய டைரியின் காலிப் பக்கங்களில் எழுதிவிடுவாள். எழுதுவது மட்டுமில்லை. ஓரத்தில் குறிப்பும் போடுவாள். 'இங்கே நிறுத்தவும்.' 'குரலைத் தாழ்த்தவும்.' 'கண்ணாடியைக் கழற்றவும்.' அவன் அப்படியே நிறுத்துவான், தாழ்த்துவான், கழற்றுவான். ஜனங்கள் மூக்கைச் சிந்துவார்கள்.

ஆரம்பத்தில் ஆசையாக எழுதினாள். பிறகு பழக்கமாகிவிட்டது. அதற்கும் பிறகு, ஓட்டுக் கூரைக்கு அடியில் தன் வரிகள் முழங்குவதைப் பெண்கள் பக்கம் உட்கார்ந்து கேட்பதில் ஒரு ருசி வந்துவிட்டது. அந்த ருசிக்காகத்தான் இத்தனை காலம் பொறுத்தாள். போன செவ்வாய்க்கிழமை வரைக்கும்.

அன்றைக்குத்தான் ஸ்டோரில் கூட வேலை பார்க்கிறவள் விஷயத்தைச் சொன்னாள். கோவிலுக்குப் பின்னால் பத்தடி அறை ஒன்று உண்டு. அதில் கத்தரீனாள் குடியிருக்கிறாள். அறுபத்தெட்டு வயது விதவை. கோயில்பிள்ளையாக இருந்த புருஷன் செத்ததும் அந்த வேலையை அவளே எடுத்துக்கொண்டு, மணி அடித்து, தரை பெருக்கி, குத்துவிளக்குத் துடைத்து இருபத்திரண்டு வருடம் ஓட்டிவிட்டாள். பிள்ளை குட்டி இல்லை. அந்த அறையை விட்டால் மலையில் அவளுக்குத் தலை சாய்க்க இடமில்லை.

அவளுக்கு ஓய்வு கொடுப்பதென்று கமிட்டி தீர்மானம் போட்டுவிட்டது. மாதக் கடைசிக்குள் அறையைக் காலி செய்யவேண்டும். காகிதத்தில் அவளிடம் கையொப்பமும் வாங்கியாகிவிட்டது. ஜனவரியில் கல்யாணமாகப் போகிற இன்பமேரியின் மகன் ஜிஜோவுக்கு அந்த அறை வேண்டுமாம். யாக்கோபு கேட்டானாம். கமிட்டியில் ஐந்து பேரும் கை தூக்கினார்களாம்.

யாக்கோபுக்குத் தோட்டக் குடியிருப்பு லயத்தில் இந்த வீடு இருக்கிறது. பூப்பாறையில் சொந்த வீடு இருக்கிறது. போடியில் போன வருடம் கட்டி வாடகைக்கு விட்டது இருக்கிறது. மூன்று வீட்டுச் சாவியையும் ஒரே வளையத்தில் கோர்த்து இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு, பத்தடி அறைமேல் கண் வைத்திருக்கிறான்.

அதுகூடப் பெரிதில்லை. கத்தரீனாளை எப்படி மசிய வைத்தான் என்பதைத்தான் இன்பமேரியால் விழுங்க முடியவில்லை. தேவாலயத்தில் காத்திருந்து, ஆண்டவரைக் கைக்குழந்தையாக ஏந்தியபின் நிம்மதியாகச் சாவதற்கு விடைகேட்ட முதியவர் சிமியோனைப் பற்றி அவள் எழுதிய பிரசங்கம் ஒன்று உண்டு. 'வேலை முடிந்தது என்று தெரிந்து கையை எடுத்துக்கொள்வதும் விசுவாசம்தான்' என்று அதில் ஒரு வரி. அந்த வரியைச் சொல்லித்தான் கத்தரீனாளிடம் ஒப்பு வாங்கியிருக்கிறான்.

நான்கு நாள் வாயைத் திறக்காமல் இருந்தாள். சனிக்கிழமை ஜிஜோ எர்ணாகுளத்திலிருந்து வந்தான். அவனிடமும் பேசவில்லை. அப்பனுக்குத் தப்பாத பிள்ளை என்று நினைத்துக்கொண்டு, சோற்றுத் தட்டை ஓசை வர வைத்தாள்.

"என்னம்மா, உடம்புக்கு ஏதும் செய்யுதா?" என்று அவன் கேட்டதற்கு, "உடம்புக்கு ஒண்ணுமில்ல" என்றாள்.

பிறகு போய் உட்கார்ந்து தாவீதைப் பற்றி ஐந்து பக்கம் எழுதினாள்.

*

அசனப் பண்டிகை. சபையார் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற நாள். கோவிலுக்கு வெளியே மூன்று அண்டாவில் ஆட்டுக்கறி கொதித்தது. உள்ளே ஜெபம் நடந்தாலும் பாதிப் பேருடைய விசுவாசம் ஜன்னல் வழியாக அண்டாப் பக்கம் போய் வந்துகொண்டிருந்தது. மூணாற்றிலிருந்து வந்திருந்த ஐயரும் ஒருமுறை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

"இன்னைக்கு நீங்களே பேசுங்க அண்ணாச்சி" என்று வருடா வருடம் போலவே அவர் காலையிலேயே யாக்கோபுக்கு விட்டுக்கொடுத்திருந்தார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியை இன்பமேரி கவனித்தாள்.

கமிட்டிக்காரர்கள் ஐந்து பேரும் முதல் வரிசையில். ஒரே கடையில் எடுத்தது போல ஐந்து வெள்ளைச் சட்டை. ஒரு கிழவியைத் தெருவில் நிறுத்திவிட்டு வந்த கைகள் மடியில் அடக்கமாகக் கோர்த்திருந்தன. கத்தரீனாள் கடைசியில், மணிக்கயிற்றுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

யாக்கோபு மேடையேறினான். கண்ணாடியை மாட்டினான். வேதப் புத்தகத்திலிருந்து தாளை எடுத்து விரித்தான்.

"கர்த்தருக்குள் பிரியமானவர்களே. தாவீது ராஜா ஒரு தப்பு செய்தான். தனக்கு எல்லாம் இருந்தும், தன் போர்வீரனுடைய மனைவியை எடுத்துக்கொண்டான். அந்த வீரனைச் சண்டையில் முன்னால் நிறுத்திக் கொன்றுபோட்டான். ஒருத்தரும் கேட்கவில்லை. ராஜாவை யார் கேட்பது?"

குரல் தூணில் பட்டுத் திரும்பியது.

"அப்போது நாத்தான் என்கிற தீர்க்கதரிசி ராஜாவிடம் வந்து ஒரு கதை சொன்னான். ஒரு ஊரில் இரண்டு பேர். ஒருத்தனுக்குக் கிடை நிறைய ஆடு. மற்றவனுக்கு ஒரே ஒரு குட்டி. அவன் தட்டில் தின்று, அவன் மடியில் தூங்கி, மகள் மாதிரி வளர்ந்த குட்டி. பணக்காரன் வீட்டுக்கு விருந்தாளி வந்தான். தன் கிடையில் கை வைக்க அவனுக்கு மனசு வரவில்லை. ஏழையின் குட்டியைப் பிடித்துக்கொண்டுபோய்ச் சமைத்துவிட்டான்."

'இங்கே நிறுத்தவும்' என்று எழுதியிருந்த இடம். நிறுத்தினான். பெண்கள் பக்கத்தில் யாரோ 'த்சொ' என்றார்கள்.

"தாவீதுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த ஆள் உயிரோடு இருக்கக் கூடாது என்றான். பிரியமானவர்களே, தாவீது கெட்டவன் என்பதல்ல இந்தக் கதையின் பாடம். அடுத்தவன் கதையாகக் கேட்கும்போது நியாயம் எவ்வளவு சுலபமாக நம் வாயில் வருகிறது, அதுதான் பாடம்."

ஐயர் தலையை ஆட்டினார். ஐந்து வெள்ளைச் சட்டைகளும் ஆட்டின. யாக்கோபுக்கு உற்சாகம் ஏறிவிட்டது. இன்பமேரி தன் முந்தானையை விரலில் சுற்றி இறுக்கினாள்.

"நாத்தான் கையை நீட்டிச் சொன்னான், அந்த ஆள் நீர்தான் ராஜாவே என்று. சபையாரே, இன்றைக்கு நாத்தான் இந்த மலையேறி வந்து நம் கோவில் வாசலில் நின்றால், யாரை நோக்கிக் கையை நீட்டுவான்?"

தாளைத் திருப்பினான்.

"என்னை நோக்கித்தான் நீட்டுவான்."

ஜனங்கள் நிமிர்ந்தார்கள். பேச்சுக்காகச் சொல்லிக்கொள்கிற பணிவு என்று அவனே நினைத்திருக்கவேண்டும். அடுத்த வரியையும் அதே முழக்கத்தோடு வாசித்தான்.

"மூன்று வீட்டுச் சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டு, இந்தக் கோவிலுக்குப் பின்னாலிருக்கும் பத்தடி அறையை ஒரு விதவையிடமிருந்து..."

நாக்கு நின்றுவிட்டது.

வெளியே அண்டாவில் கரண்டி மோதுகிற சத்தம் மட்டும் கேட்டது. முதல் வரிசையில் ஐந்து பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள். நடுவில் உட்கார்ந்திருந்த ஜிஜோ, "எந்த ரூம்?" என்று பக்கத்திலிருந்தவனைக் கேட்பது தெரிந்தது.

யாக்கோபின் கண்கள் பெண்கள் பக்கம் வந்து இன்பமேரியைத் தேடிப் பிடித்தன. அவள் குனியவில்லை. இறங்கு, என்று மனசுக்குள் சொன்னாள். வாயடைத்து நின்ற இந்த நிலையிலேயே இறங்கி ஓடு.

அவன் இறங்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினான். அந்தத் தாளில் அப்படி ஒரு குறிப்பு இல்லை. இருபத்தொரு வருடப் பழக்கத்தில் கை தானாகச் செய்தது. பிறகு தாளை மடித்து வைத்துவிட்டு, அழத் தொடங்கினான்.

அழகாக அழுதான். தோள் குலுங்கியது, குரல் தழுதழுத்தது, வார்த்தை மட்டும் தெளிவாக வந்தது. "சபையாரே, மூணு நாளா கர்த்தர் என்கூடப் பேசிக்கிட்டே இருக்காரு. யாக்கோபே, அந்த அறையில கை வைக்காதேன்னாரு. நான் தாவீதைவிடப் பாவி. அந்தத் தீர்மானத்தை இந்த மேடையிலேயே கிழிச்சுப் போடுறேன். கத்தரீனாள் அக்காவுக்கு உயிர் இருக்கிற வரைக்கும் அந்த அறை அவங்களுக்குத்தான்."

கோவில் உருகிவிட்டது. ஆம்பளைகள் கண்ணைத் துடைத்தார்கள். ஐயர் ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டார். "பதினாறு வருஷ ஊழியத்துல இப்படி ஒரு பாவ அறிக்கையை நான் கேட்டதில்லை" என்றார். கிழவியை அனுப்பக் கை தூக்கிய ஐந்து பேரும் எல்லோருக்கும் முந்தி 'ஆமென்' என்றார்கள்.

கத்தரீனாளை முன்னால் வரும்படி ஐயர் கூப்பிட்டார். அவள் எழுந்திருக்கவில்லை. நேரமாகிவிட்டது என்பது போல மணிக்கயிற்றைப் பிடித்து இழுத்தாள்.

*

பந்தியில் இன்பமேரியின் இலைக்கு இரண்டு துண்டு கறி கூடுதலாக விழுந்தது.

"குடுத்து வச்சவ நீ" என்றாள் பக்கத்தில் இருந்தவள். "எந்த ஆம்பளை இப்படித் தன்னைத்தானே தாழ்த்துவான்? எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு. உப்பு கூடிப்போச்சுன்னா உப்புதான் தப்புங்கும்."

இன்பமேரி சோற்றைப் பிசைந்தாள். வாய்க்குக் கொண்டுபோகப் பிடிக்கவில்லை. எதிர்ப்பந்தியில் யாக்கோபு ஐயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தான். கண்ணோரத்துச் சிவப்பைத் துடைக்காமல் அப்படியே வைத்திருந்தான். ஊர் பார்க்கவேண்டுமே.

கத்தரீனாள் பந்திக்கு வரவில்லை. இன்பமேரி ஒரு தட்டில் சோறும் கறியும் வாங்கிக்கொண்டு கோவிலுக்குப் பின்னால் போனாள். கதவு திறந்திருந்தது. கயிற்றுக் கட்டில், ஸ்டவ், ஒரு தகரப்பெட்டி, கொடியில் இரண்டு சேலை. அவ்வளவுதான் அந்த ராஜ்யம்.

"உள்ள வா. அந்தக் கட்டில்ல வை."

"சாப்பிடுங்கக்கா. ஆறிரும்."

கத்தரீனாள் தட்டைப் பார்க்கவில்லை. "நல்லா அழுதான், என்ன?"

"ம்."

"அதையும் நீதான் எழுதிக் குடுத்தியா?"

இன்பமேரிக்கு முகம் சுண்டியது. கத்தரீனாள் எழுந்து தகரப்பெட்டியைத் திறந்தாள். சேலைக்கு அடியிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்தாள். கோணி நூலால் கட்டியிருந்தது. டைரித் தாள்கள். இன்பமேரியின் கையெழுத்து.

"பேசி முடிச்சதும் மேடையிலேயே போட்டுட்டுப் போயிருவான். பெருக்குறவ நான்தான. வேத வசனம் இருக்கிற தாளைக் குப்பையில தள்ள மனசு வரல. எடுத்து வச்சேன். ஓரத்துல பாத்தியா? 'கண்ணாடியைக் கழற்றவும்.' தனக்குத்தானே எழுதிக்கிற எவனாவது கழற்றவும்னு 'வும்' போடுவானா? முதல் வருசமே எனக்குத் தெரிஞ்சு போச்சு."

"யார்கிட்டயும் சொல்லலையே நீங்க."

"நீயே சொல்லல. நான் எதுக்குச் சொல்ல?"

இன்பமேரி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். "உங்களுக்காகத்தான் இந்த வாரம் அப்படி எழுதுனேன். அந்த ஆளை எல்லாருக்கும் முன்னால நிறுத்தணும்னு. இப்படித் திருப்பிக்குவாருன்னு நினைக்கல. ஆனா அறை உங்களுக்குக் கிடைச்சிருச்சுல்ல."

"கிடைச்சிருச்சு. அவன் அழுததுனால கிடைச்சிருக்கு. நாளைக்குப் போயி அவனுக்கு நன்றி சொல்லணுமாம், ஐயர் சொல்லிட்டுப் போறாரு."

கத்தரீனாள் காகிதக் கட்டிலிருந்து ஒரு தாளை உருவிக் கொடுத்தாள். இன்பமேரிக்குப் படிக்காமலே தெரிந்தது. சிமியோன் பிரசங்கம்.

"இந்த வரியச் சொல்லித்தான் என்கிட்ட ஒப்பு வாங்குனான். கேக்கும்போது எனக்கே கண்ணு கலங்கிருச்சு. அவ்வளவு நல்லா எழுதியிருக்க. நீ எழுதலைன்னா அவன் யாரு இன்பம்? தோட்டத்துல பேரு சொன்னா நாலு பொம்பளைங்க காறித் துப்புற சூப்பர்வைசர். அவனைப் பெரிய மனுஷன் ஆக்குனது யாரு?"

"அக்கா..."

"நான் சொல்லி முடிச்சிர்றேன். நாத்தான் ராஜா முன்னால நேராப் போயி நின்னான். கதையைத் தன் வாயால சொன்னான். ராஜா வெட்டிப் போட்டிருந்தா அவன் தலைதான் போயிருக்கும். நீ என்ன செஞ்ச? அடுத்தவன் வாய்க்குள்ள ஒளிஞ்சுக்கிட்டுக் கல்லெறிஞ்சிருக்க. அந்த வாயே நீ வெறுக்கிற ஆளோடது. அப்புறம் கல்லு எங்க விழுதுன்னு உனக்கெப்படித் தெரியும்?"

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சாம்பல் போட்டு விளக்குத் துடைப்பது போல நிதானமாகச் சொன்னாள். புருஷனைத் தான் இத்தனை வருடம் எப்படிப் பார்த்தாளோ, அதே பார்வையால் ஒருத்தி தன்னைப் பார்ப்பதை இன்பமேரி முதல் தடவையாகக் கண்டாள்.

எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"ஏ இன்பம்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "மகனுக்குத்தான் இந்த அறைன்னா சொன்னான்?"

"கமிட்டியில அப்படித்தான் சொன்னாராம்."

கத்தரீனாள் தட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "கோவில் விட்டதும் ஜிஜோ இங்க வந்து என்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுப் போனான். பாவம், அவனுக்கு ஒண்ணும் தெரியல. போயி அவனைக் கேளு."

*

சாயங்காலம் நாலு மணிக்கே மலையில் மஞ்சு மூட்டம் இறங்கிவிட்டது. லயத்து வாசலில் ஜிஜோ துணி துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்திருந்தான். அம்மாவைப் பார்த்ததும் எழுந்தான்.

"எம்மா, எனக்கு ரூம் வேணும்னு யாரு சொன்னா?"

"நீ கேக்கலையா?"

"நானும் ஜிஸ்மியும் எர்ணாகுளத்துலதான் இருக்கப் போறோம். அவளுக்கு அங்கதான வேலை. ரெண்டு மாசத்துக்கு முன்னாலேயே அப்பாகிட்ட சொல்லிட்டேன். உன்கிட்ட அப்பா சொல்லுவாருன்னு இருந்தேன். சரி, சரின்னுதான் தலையாட்டினாரு."

நேற்றிலிருந்து இன்பமேரி இந்தப் பிள்ளையோடு நாலு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் நேற்றே தெரிந்திருக்கும்.

"உள்ள வா" என்றாள்.

யாக்கோபு வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பனியனோடு பெஞ்சில் சாய்ந்திருந்தான். அவளைக் கண்டதும் சிரித்தான். கோவிலிலிருந்து வந்த பிறகு அவன் பேசுகிற முதல் பேச்சு.

"என்னைக் கவுக்கப் பார்த்த. நடந்தது என்ன பாத்தியா? ஜனவரிக் கன்வென்ஷனுக்கு ஐயர் என்னைத்தான் பேசச் சொல்லியிருக்காரு. மூணு நாள். மூணு பிரசங்கம் வேணும். எழுதி வை. ஆனா இனிமே நான் ஒரு தடவை படிச்சுப் பார்த்துட்டுத்தான் மேடை ஏறுவேன்."

வேறொரு நாளாக இருந்தால் அந்தச் சிரிப்பை மனசுக்குள் நாலாகக் கிழித்துப் போட்டுவிட்டு, அடுப்படிக்குப் போய்க் கஞ்சி வைத்திருப்பாள். இன்றைக்கு நேராகப் போய் அவன் எதிரில் நின்றாள்.

"அந்த ரூம் யாருக்கு?"

"ஜிஜோவுக்குத்தான் கேட்டேன். அதான் விட்டுக் குடுத்தாச்சே. இன்னும் என்ன?"

"அவன் வேண்டாம்னு சொல்லி ரெண்டு மாசமாச்சு."

யாக்கோபு வாசலைப் பார்த்தான். நிலையைப் பிடித்துக்கொண்டு ஜிஜோ நின்றிருந்தான். சிரிப்பு போன இடம் தெரியவில்லை. எழுந்து உட்கார்ந்தான். எந்தக் கேள்விக்கும் ஒரு வசனத்தை எடுத்து நீட்டுகிறவன், காலுக்கடியில் எதையோ தேடுகிறவன் போலத் தரையைப் பார்த்தான்.

"அவனை வெளிய போகச் சொல்லு."

"அவன் இங்கதான் நிப்பான். அவன் பேரைச் சொல்லித்தான கேட்டீங்க."

யாக்கோபு பேசினான். குரலே வேறாக இருந்தது. தேனும் இல்லை, அதட்டலும் இல்லை.

"புதன்கிழமை போடியிலிருந்து ஒருத்தங்க வர்றாங்க. நடக்க முடியாது. தூக்கித்தான் இறக்கணும். பூப்பாறை வீட்டுக்கு வாங்கன்னு கால்ல விழாத குறையாக் கேட்டுப் பாத்துட்டேன். மாட்டேன்னுட்டாங்க. சாகிறதுன்னா அந்த அறையிலதான்னு ஒரே பிடிவாதம்."

"யாரு?"

அவன் கண்ணிலிருந்து நீர் இறங்கியது. தோள் குலுங்கவில்லை. சத்தம் வரவில்லை. மூக்கு ஒழுகி மீசையில் இறங்கியது. அதைத் துடைக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. ஐம்பத்தொன்பது வயது ஆள் ஒருத்தன், அசிங்கமாக, யாரையும் பார்க்காமல் அழுதுகொண்டிருந்தான்.

இன்பமேரி பார்த்துக்கொண்டே நின்றாள். இந்த மனுஷனுடைய ஒவ்வொரு பொய்யும் எந்த மூலையிலிருந்து கிளம்பும் என்று தனக்குத் தெரியும் என்றுதான் இத்தனை வருடம் நம்பியிருந்தாள். இந்த முகத்தை அவள் பார்த்ததே இல்லை. இதற்கு என்ன இளக்காரத்தை எடுத்து வைப்பது என்று தெரியவில்லை.

அவன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். சனிக்கிழமைதோறும் தாளுக்குக் கை நீட்டுகிறபோது பார்க்கிற அதே பார்வை.

முக்காலியை இழுத்துப் போட்டு அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"இதை நான் எழுதித் தர மாட்டேன்" என்றாள். "நீங்களாச் சொல்லுங்க."